செம்பும் நிக்கலும் கலக்கவில்லை என்று நீ சொன்ன நாள்

ஓணம் விடுமுறைக்கு உன் மகள் கோழிக்கோட்டு ஹாஸ்டலிலிருந்து வந்திறங்கினாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் விரல்களில் பேக்லைட் வாசனை அடித்தது. ரயில் அழுக்கு, வியர்வை, வழியில் வாங்கித் தின்ற பழம்பொரியின் எண்ணெய் எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது. உலோகத் துண்டைப் பிடித்துத் தேய்க்க வாகாக, ஒரு கரும்பொடிக்குள் புதைத்து, சூடாக்கி, அழுத்தி, சின்ன வில்லையாக எடுப்போமே, அந்தப் பொடியின் வாசனை. கருகின பிளாஸ்டிக்கும் மருந்துக்கடையும் சேர்ந்தாற்போல இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் நக இடுக்கை விட்டுப் போகாது. அந்த நாளில் உன் கையில் அது இருந்தது. என் கையில் இன்றும் இருக்கிறது. நாம் சேர்ந்து வேலை பார்த்த அதே உலோகப் பரிசோதனைக்கூடத்தில்தான் நான் இன்னும் வேலை செய்கிறேன். தினமும் அந்தக் கையோடுதான் வீடு திரும்புகிறேன்.

ஆனால் மகளை அணைத்துக்கொண்டதும் உன் புருஷனுக்கு ஞாபகம் வந்தது நீதான். "அப்படியே அவ அம்மா வாசனை," என்றார். என் புருஷனும் அவர்தான். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்று என் விரல்களை முகர்ந்து பார்த்தேன்.

இதை அன்றைக்கே எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். முழுக்க ஆறவில்லை. இருந்தாலும் அதற்கப்புறம் இந்த வீட்டில் நடந்ததை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் நாகர்கோவிலிலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். நீ உள்ளூர், ஸ்ரீவராகத்துப் பெண். பஸ்ஸில் வருவாய், தோளில் தொங்கும் பையில் இரண்டு பேருக்குச் சாப்பாடு இருக்கும். "விடுதிச் சாப்பாடு சாப்ட்டா நீ எலும்பாப் போயிடுவே. இந்தா," என்று முதல் நாளே மூடியைத் திறந்து நீட்டினாய். அவ்வளவு சுலபமாக ஒருத்தரைச் சிநேகம் பிடிக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொறாமையும் அன்றைக்கே தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

நம் பிரிவுத் தலைவர் சார் ஒரு கலவையின் பேரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் உனக்கு அதன் குணம் தெரிந்துவிடும். ஒரு உலோகம் இன்னொன்றில் உப்பு தண்ணீரில் கரைகிற மாதிரி கரைந்து, கெட்டியான பிறகும் ஒரே பொருளாக நிற்க வேண்டுமென்றால் அதற்கு நாலு நிபந்தனை இருக்கிறதே. திண்மக் கரைசல் என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். பரீட்சைக்காக அந்த நாலையும் நான் உருப்போட்டவள். நீ கேண்டீன் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "நம்மாத்து ஜோஸ்யர் பத்துப் பொருத்தம் பார்ப்பார். இதுகளுக்கு நாலு போறும். உருவத்துல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். அடுக்கி உக்கார்ற விதம் ஒண்ணா இருக்கணும். சுபாவம் ரொம்ப விலகப்படாது. கொடுக்கல் வாங்கல் ஒத்துப் போகணும்," என்றாய். மேஜையே சிரித்தது. சார்கூடச் சிரித்தார். எனக்கு ஏன் அப்படி ஒன்று தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே நான் மோர் சாதத்தைப் பிசைந்தேன்.

என்னைப் பற்றியும் நீ பெருமையாகத்தான் சொல்வாய். "பாலிஷ் பண்றதுல இவளை அடிச்சுக்க ஆள் கிடையாது கேட்டோ." புதிதாக யார் வந்தாலும், கடைசியில் அந்த மலையாளக் 'கேட்டோ'வைப் போட்டு, அப்படித்தான் அறிமுகம் செய்வாய். கண்டுபிடிப்பது நீ, தேய்ப்பது நான். நீ அன்பாகத்தான் சொன்னாய். அதனால்தான் என்னால் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

உனக்குக் கல்யாணமானதும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அவர் ஸ்கூட்டரில் வந்து நிற்பார். நீ வேண்டுமென்றே தாமதம் செய்வாய். "நிக்கட்டுமே. ஒருத்தர் நமக்காகக் காத்துண்டு நிக்கறார்னு தெரிஞ்சுண்டே கை அலம்பறதுல ஒரு சொகம் இருக்குடி," என்பாய். அவர் மேல் எனக்கு அப்போது எந்த ஆசையும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்தக் காத்திருப்பு மேல் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியின் மேல் மாட்டிவிட்டு, ஒரு புகாரும் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்.

உனக்கு உடம்புக்கு வந்தபோது குழந்தை ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார், நீ கூரையைப் பார்த்தபடி கேட்டாய்.

"எனக்கு ஒருத்தி மேல பயங்கரப் பொறாமையா இருக்குடி. யார் சொல்லு?"

"யாரு?"

"எனக்கப்புறம் இவரைக் கட்டிக்கப் போறவ. யாருன்னு தெரியாது. மூஞ்சி தெரியாது. ஆனா என் அடுக்களையில வந்து நிக்கப் போறா. என் குழந்தைக்குத் தலை பின்னப் போறா. நெனச்சாலே வயிறு எரியறது."

"அப்படி யாரும் வரமாட்டா. நீ எழுந்து உக்காரு, ஜூஸ் குடி," என்றேன்.

"வருவா," என்றாய். "வரணும். அவருக்கு ஒரு காபி போடத் தெரியாது. ஆனாலும் நான் பொறாமைப்படத்தான் படுவேன். சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். உனக்குச் சிரிக்கும்போது வலித்தது.

நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவருடைய அக்காதான் என்னிடம் நேரே கேட்டாள். எனக்கும் வயதாகிக்கொண்டிருந்தது, நாகர்கோவிலில் அப்பா வரன் பார்த்து அலுத்துப் போயிருந்தார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் என்னைக் குளக்கரைக்குக் கூட்டிப் போனார். "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். என்னால அவளை மறக்க முடியாது," என்றார்.

"என்னாலயும் முடியாது," என்றேன்.

அன்றைக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. நம் மூன்று பேருக்கும் ஒத்துப்போகும் என்று நினைத்தேன். அதோடு வாழ்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. இந்த வீட்டு எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் உன் பேர் வெட்டியிருக்கிறது. காலையில் காபி டம்ளரைத் தூக்கினால் கட்டைவிரலுக்கடியில் உன் முதலெழுத்து நிரடும். இரும்பில் குரோமியமும் நிக்கலும் கரைந்து கிடப்பதால்தான் துருப்பிடிப்பதில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தப் பாத்திரங்கள் என் காலத்துக்கும் துருப்பிடிக்கப் போவதில்லை. புதிசு வாங்கலாம் என்று ஒருதரம் சொன்னேன். "எதுக்கு? நன்னாத்தானே இருக்கு," என்றார். நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மாமி நான் செய்த புளிக்காய்ச்சலை நக்கிப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட அவ கை மாதிரியே வந்துடுத்து," என்பாள். கிட்டத்தட்ட. எனக்கு இப்போது முழங்கால் வலி, வெள்ளெழுத்துக் கண்ணாடி, காது ஓரத்தில் நரை. நீ மட்டும் கூடத்துப் படத்தில் அதே சுங்குடிப் புடவையில் அப்படியே இருக்கிறாய். உன்னோடு எப்படிப் போட்டி போடுவது? நீ ஒரு நாளாவது ரசத்தில் உப்புப் போட மறந்து, அவர் முகம் சுளித்து, நான் அதைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன்.

குழந்தை என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அதில் எனக்குக் குறை இல்லை. நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். தலை பின்னிவிட்டேன், காய்ச்சலுக்கு விழித்திருந்தேன், கணக்கு சொல்லிக்கொடுத்தேன். பிளஸ் டூ முடிந்ததும் அவள் சொன்னாள்: "எனக்கு மெட்டலர்ஜி மதி, அது போறும். அம்மா படிச்சது."

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி படித்ததும் அதுதான் என்று யாராவது சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மிச்ச பீன்ஸை நறுக்கி முடித்தேன்.

இனி ஓணத்துக்கு வருகிறேன்.

திருவோணத்துக்கு மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் எரிசேரி மிச்சமிருந்தது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வந்ததிலிருந்தே ஒரு மாதிரி இருந்தாள்.

"படிப்பெல்லாம் எப்படிப் போறது?" என்று அவர் கேட்டார்.

"புராஜெக்ட் குளமாயி, நாசமாப் போச்சு," என்றாள். "எங்க சாரு எல்லார் முன்னாடியும் வழக்குப் பறஞ்சா, திட்டித் தீர்த்துட்டா. நான் பேசாம வேற ஏதாவது படிச்சிருக்கலாம்."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். செம்பும் நிக்கலும் சேர்த்து உருக்கி வார்த்திருக்கிறாள். அந்த இரண்டும்தான் எந்த விகிதத்தில் போட்டாலும் முழுசாக ஒன்றுக்குள் ஒன்று கரைகிறவை. பாடத்தில் முதல் உதாரணமே அதுதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரே பொருளாகத் தெரிய வேண்டும். இவள் படத்தில் பெரணி இலை போலக் கிளை கிளையாக ஒன்றும், கிளைகளின் நடுவே வேறு நிறத்தில் இன்னொன்றும் தெரிந்தன.

எனக்குப் பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உங்கம்மா இருந்தா ஒரே பார்வையில சொல்லியிருப்பா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற நானும் அதே வேலையில் தலை நரைத்தவள் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"சொல்லியிருக்க மாட்டா," என்றேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவளும் இதையேதான் பண்ணினா. இதைவிட மோசமாப் பண்ணினா."

உன்னிடம் மறைக்க முடியாது. உன்னை ஒரு படியாவது கீழே இறக்க வேண்டும் என்றுதான் அந்தப் பேச்சை எடுத்தேன். கூடத்தில் மாட்டியிருக்கிற உன் படத்துக்கு மேல் ஒரு கீறல் விழட்டும் என்று இருந்தது. அதனால் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

நாம் சேர்ந்த புதிதில் நீ வார்த்த துண்டு. சாயங்காலம் அறுத்து, நான் பாலிஷ் செய்து கொடுத்தேன். நீ அமிலம் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தாய். பெரணி இலைகள். நீ என்னிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில், பிரிவு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று, "சார், காப்பரும் நிக்கலும் முழுசாக் கலக்கலை. ரெண்டு தனித்தனியா நிக்கறது. புஸ்தகம் தப்பு," என்றாய். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புஸ்தகம் அவிடெ நிக்கட்டே, மோளே. நீ இதினெ ஃபர்னஸில் வெச்சோ?"

"இல்ல சார்."

"எந்நால் போயி வெய்க்கூ," என்றார். அப்படியானால் போய் உலையில் வை. அவ்வளவுதான். பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் எல்லாரும்.

நீ நேரே பெண்கள் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாய். நான் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். "நாளைலேர்ந்து வேலைக்கு வரமாட்டேன். தையல் கிளாஸ் போகப் போறேன்," என்று உள்ளேயிருந்து சொன்னாய். மூக்கைச் சிந்திவிட்டு, "பிளவுஸ் தைக்கறதுல யாரும் எழுந்து நின்னு பேசவேண்டாம்," என்றும் சொன்னாய்.

உருகின கலவை ஆறும்போது நிக்கல் அவசரக்காரி. அது அதிகமாக உள்ள பகுதி முதலில் இறுகிக் கிளை விட்டுவிடும். செம்பு அதிகமாக உள்ளது கடைசியில் இடுக்குகளில் இறுகும். கலந்திருக்கிறது, ஆனால் சமமாகப் பரவவில்லை. உருகாமல், உருகும் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே நெடுநேரம் வைத்திருந்தால், கெட்டியாக இருக்கும்போதே அணுக்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி மாறிச் சமமாகிவிடும். நாம் காற்றுப் படாமல் அடைத்து ஃபர்னஸில் வைத்தோம். எடுத்து, மறுபடி தேய்த்து, மறுபடி பார்த்தபோது கிளைகளே இல்லை. தளத்தில் ஓடு பதித்த மாதிரி வெறும் மணிகள். "எங்கடி போச்சு அதெல்லாம்?" என்று நீ கேட்டாய், ஏதோ நான் ஒளித்து வைத்துவிட்டது போல.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது உன் மகளின் கையில் சாதம் காய்ந்து போயிருந்தது.

"ஸத்யம்? அம்மா கரைஞ்சாளா?"

"தேம்பித் தேம்பி அழுதா."

"தையல் கிளாஸா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நனைந்திருந்தது. "எனக்கு இதொண்ணும் தெரியாதே சித்தி. எல்லாரும் அம்மாவைப் பத்திப் பேசறச்சே எனக்குப் பயமா இருக்கும். பூஜை அறையில இருக்கற படம் மாதிரி. கிட்டப் போகவே தோணாது. இன்னொண்ணு சொல்லு. வேற என்ன தப்புப் பண்ணினா?"

அவரும் சிரித்தார். அப்புறம் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்ட அவ இதைச் சொன்னதே இல்லையே," என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? உன்னில் அவருக்குத் தெரியாத ஒரு துண்டு என்னிடம் இருந்தது.

ஆனால் அந்தச் சந்தோஷம் மோர் ஊற்றும் வரைக்கும்தான் நின்றது. கீறல் விழட்டும் என்று நான் சொன்ன கதைக்கு அப்புறம் அவள் கூடத்துக்குப் போய், உன் படத்துக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "புஸ்தகம் தப்பா? நல்ல ஆளு!" என்று உன்னோடு பேசினாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படத்தோடு பேசி நான் பார்த்ததில்லை. உன்னைக் கீழே இறக்கப் போய், அவள் மடியிலேயே உட்கார்த்தி வைத்துவிட்டேன்.

அவள் திரும்பிப் போய்த் துண்டை ஃபர்னஸில் வைத்து எடுத்தாள். கிளைகள் மறைந்த படத்தை எனக்கு அனுப்பினாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "சித்தி, சாப்ட்டியா? அப்பாகிட்ட கொடு," என்பாள். இப்போது என்னோடுதான் பேச்சு. "இன்னிக்கு அம்மா ஒண்ணு," என்று கேட்பாள். நானும் சொல்கிறேன். புடவையில் அமிலம் சிந்திக் கொசுவத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டை விழுந்தது. தூங்கிப்போய்த் தப்பு பஸ்ஸில் விழிஞ்ஞம் வரைக்கும் போய், மீன்காரிகள் நடுவில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் அவரையே இடித்தது. சொல்லும்போது உன்னை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. போனை வைத்ததும் பழையபடி வயிறு காந்துகிறது. அவள் என்னோடு பேசுகிறாள், ஆனால் உன்னைப் பற்றிப் பேசுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு மாதிரி கேட்டாள்.

"அம்மா கதை போறும் சித்தி. நீ என்ன தப்புப் பண்ணினே, அதைச் சொல்லு."

நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். தப்புச் செய்யாதவள் இல்லை நான். ஆனால் நான் செய்தவற்றை நானே சொன்னால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். அவற்றைக் கதையாக ஆக்கினவள் நீ. என்னைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு, என் நாகர்கோவில் இழுவையோடு, கேண்டீனில் நீ நடித்துக் காட்டுவாய். நான் கோபத்தில் எழுந்து போவேன். போகிற வழியில் எனக்கே சிரிப்பு வந்துவிடும். உன்னைப் பற்றி உன் மகளுக்குச் சொல்ல நான் இருக்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்?

"எனக்குச் சொல்லத் தெரியாதுடி. உங்கம்மாதான் நன்னாச் சொல்லுவா," என்றேன்.

"எந்நா அம்மா சொன்ன மாதிரியே சொல்லேன்," என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இவ தேய்ச்ச தேய்ப்புல ஸாம்பிள் கைலாசம் போயிடுத்து, கேட்டோ," என்று ஆரம்பித்தேன். "மெல்லிசுத் தகடு. மொத்தமும் தேஞ்சு போச்சு. இவளுக்கு அதுகூடத் தெரியலை. வெறும் பேக்லைட்டை மைக்ராஸ்கோப்ல வெச்சுண்டு, கண்ணை இடுக்கிண்டு, சார்கிட்டப் போய், 'ரொம்ப நைஸான ஸ்ட்ரக்சர் சார், ஒண்ணுமே தெரியலை'ன்னு ரிப்போர்ட் பண்றா!"

அந்த 'கேட்டோ'வில் குரல் ஏறினது, 'ரிப்போர்ட்' என்ற இடத்தில் கையை விரித்தது, எல்லாம் நீ. நான் முயற்சி செய்யவில்லை, தானாக வந்தது. இத்தனை நாள் அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கூடத்திலிருந்து அவர் எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

போனில் உன் மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "சித்தி, அய்யோ சித்தி," என்றாள்.

அவள் சிரித்தது என்னை நினைத்தா, உன்னைக் கேட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் தப்புகளில் இன்னொன்றை யோசித்து வைத்திருக்கிறேன். அதையும் உன் குரலில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.